செத்த காலேஜ், உயிர் காலேஜ்: பட்டணம் பார்த்தல் குறித்துச் சில குறிப்புகள்

1

எம்.ஏ. படிக்கச் சென்னைக்கு வந்த வருடம். முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஆயா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, செத்த காலேஜு பார்த்தியா?" நான் விழித்தேன். எந்தக் காலேஜ் ஆயா செத்துப்போச்சு என்று கேட்டேன். ஆயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பட்டணத்துல காலேஜு படிக்கிறானாம், செத்த காலேஜு தெரியாதாம்" என்று தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் அவர். 1960களின் தொடக்கத்தில் ஒரு காணும் பொங்கலுக்குச் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து லாரியில் ஏறிப் போய்ப் பட்டணம் பார்த்துவிட்டு வந்தவர். அந்த ஒரு நாளை ஆயுசு முழுக்கப் பேசினார்.

எழும்பூர் அருங்காட்சியகம்தான் செத்த காலேஜ். மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அப்போது இருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். சென்னையின் பழைய ஆட்களுக்கும், சுற்றியிருந்த மாவட்டங்களிலிருந்து வந்து போனவர்களுக்கும் இவை தெரிந்த பெயர்கள். காலேஜ் என்ற சொல் எப்படி வந்தது? 1851இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது அது எழும்பூரில் இல்லை. கம்பெனி அதிகாரிகளுக்கு இந்த நாட்டு மொழிகளைக் கற்பித்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் இருந்தது. கல்லூரிச் சாலை என்று இன்றும் அந்தத் தெருவுக்குப் பெயர். 1854இல் அருங்காட்சியகம் எழும்பூர் பாந்தியன் கட்டிடத்துக்குப் போனது. கட்டிடம் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டது என்று கொள்ளலாம். காலேஜுக்கு முன்னால் 'செத்த' என்றும் 'உயிர்' என்றும் சேர்த்தவர்கள் ஜனங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போடும் கையேடுகள் பல உண்டு. எங்கே இறங்குவது, எதைப் பார்ப்பது, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். நம் கேள்வி வேறு. ஒரு பெருநகரம் தன்னைப் பார்க்க யாரை அனுமதிக்கிறது? எதுவரை அனுமதிக்கிறது? பார்க்க வந்தவரை அது என்னவாகப் பார்க்கிறது? சென்னையை வைத்து இக்கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம்.

2

பட்டணம் பார்த்தல் நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்த பழக்கமில்லை. சிலப்பதிகாரத்தில் அதற்கென்றே ஒரு காதை இருக்கிறது: ஊர்காண் காதை. மதுரைக்குப் புறத்தே கவுந்தியடிகளிடம் கண்ணகியை ஒப்படைத்துவிட்டுக் கோவலன் தனியாக நகருக்குள் போகிறான். யவனர் காக்கும் வாயிலைக் கடந்து கணிகையர் வீதி, மணி விற்கும் கடை, பொன் கடை, துணிக்கடை, கூல வீதி என்று சுற்றிவிட்டுத் திரும்புகிறான். கையில் காசில்லாத வணிகன் ஒருவன் கடைத்தெருவை வேடிக்கை பார்க்கிறான் என்பதை நம் தமிழாசிரியர்கள் நகர வருணனை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அவன் பார்த்த அதே நகரம் பிறகு அவனை எப்படிப் பார்த்தது என்பதுதான் முக்கியம். சிலம்பை விற்கப் போன இடத்தில் பார்வையாளன் கள்வனாகிவிடுகிறான். ஊருக்குப் புதியவன், தெரிந்தவர் இல்லை, கையில் விலையுயர்ந்த பொருள். அடையாளம் காட்ட ஒரு பொற்கொல்லன் போதும்.

கண்ணகிக்கு ஊர்காண் காதை கிடையாது. அவளுக்குக் கிடைப்பது ஊர்சூழ் வரி. கணவன் கொலையுண்ட பிறகுதான் அவள் மதுரையின் தெருக்களில் நடக்கிறாள். அவள் நகரத்தைப் பார்ப்பதைக் காட்டிலும் நகரத்துப் பெண்கள் அவளைப் பார்ப்பதே அங்கே பெரிதாகச் சொல்லப்படுகிறது. ஆணுக்குக் காண்பது, பெண்ணுக்குச் சூழ்வது. 14ஆம் காதைக்கும் 19ஆம் காதைக்கும் இடையில் உள்ள இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வருவோம்.

3

அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். பாடம் செய்த விலங்கைக் காட்டிலும் உயிருள்ள விலங்குக்குக் கூட்டம் சேர்கிறது என்பதைக் கண்டுகொண்டவர் அவர். ஆர்க்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கி, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே வளாகத்தில் பிறந்தவை. உயிர் காலேஜ் 1860களில் பார்க் டவுன் பக்கம் போனது.

வந்த கூட்டத்தைக் கண்டு அதிகாரிகளுக்கு மகிழ்ச்சியும் சங்கடமும் சேர்ந்தே ஏற்பட்டன. அருங்காட்சியகம் அறிவைப் புகட்டும் இடம் என்பது அவர்கள் கொள்கை. வந்த ஜனங்களோ அதைத் தமாஷா வீடாக எடுத்துக்கொண்டார்கள். 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தக் குறையைப் பதிவு செய்திருக்கிறார். பொங்கல் நாட்களில் திரண்ட கூட்டத்தையும் அவர் குறித்திருக்கிறார். கோஷாப் பெண்கள் பார்ப்பதற்கென மாதத்தில் ஒரு நாள் ஆண்களை வெளியே நிறுத்திக் கதவைத் திறக்கும் ஏற்பாடும் அக்காலத்தில் இருந்தது. கண்ணகிக்குக் கிடைக்காத ஊர்காண் காதை, ஆண் பார்வை படாத ஒரு பகலாக, விதிமுறைகளுடன், சில பெண்களுக்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயில் கதவு சட்டப்படி முழுமையாகத் திறந்தது 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் பட்டணம் பார்க்க வந்த ஒரு சேரி மனிதன் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோபுரத்தைத் தெருவில் நின்றுதான் பார்த்திருக்க முடியும். செத்த காலேஜின் வாசலில் கோயிலின் விதி செல்லாது. ஒரே கூடத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் தோளோடு தோள் உரசித் திமிங்கில எலும்பை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. அருங்காட்சியகம் காலனிய அதிகாரத்தின் கருவி என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் நம் தோழர்கள் இந்த உரசலுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

கதை இதோடு முடியவில்லை. தர்ஸ்டன் அருங்காட்சியகத்திலேயே ஒரு மானுடவியல் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பலரை அங்கே நிறுத்தி அளந்தார். தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம், உடம்பின் உயரம் எல்லாம் சாதிவாரியாகப் பதிவாயின. கே. ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்னும் பெருநூலுக்குள் இந்த அளவுகளும் போய்ச் சேர்ந்தன. அளக்கும் கலையைக் காவல்துறையினருக்கும் அவர் கற்றுக்கொடுத்தார். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, உடம்பைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்ற நம்பிக்கை காவல் நிலையங்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. கோவலனுக்கு நேர்ந்ததுதான் இது. பார்க்கப் போனவன் பார்க்கப்படுகிறான், பிறகு பட்டியலில் ஏறுகிறான்.

பார்வைக்கும் அதிகாரத்துக்குமான உறவைப் பேசும்போது நாம் ஃபூக்கோவுக்குப் போகிறோம். பொதுவில் காட்டி நடத்தப்பட்ட தண்டனை மறைந்து, மறைவான கண்காணிப்பு அதன் இடத்தைப் பிடித்தது என்றார் அவர். 1988இல் டோனி பென்னட் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார். அதே காலத்தில் அருங்காட்சியகங்களும் பொருட்காட்சிகளும் எதிர்த்திசையில் வளர்ந்தன. அங்கே கூட்டம் பொருளைப் பார்ப்பதோடு தன்னையும் பார்த்துக்கொண்டு ஒழுங்குபடக் கற்றுக்கொண்டது என்றார். ஐரோப்பிய நகரத்துக்கு இது பொருந்தலாம். எழும்பூரில் காட்சிக் கூடமும் அளக்கும் அறையும் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. கூட்டத்துக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ள நேரம் கொடுக்கப்படவில்லை. ஒரு கதவு வழியாகப் பார்வையாளராக நுழைந்தவர் இன்னொரு கதவு வழியாக மாதிரிப் பொருளாக வெளியேறினார். காலனிய நகரத்தின் தனித்தன்மை என்று எதையாவது சொல்லவேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

வேதனை என்னவென்றால், இன்றும் சாதிச் சங்க மலர்களில் தங்கள் பெருமைக்கு ஆதாரமாகத் தர்ஸ்டனை மேற்கோள் காட்டுகிறார்கள். பாட்டனின் மூக்கை அளந்த புத்தகம் பேரனுக்குப் பட்டயமாகிவிட்டது.

4

1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் சென்ட்ரல் பக்கம் 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கினார். மக்கள் பூங்கா என்று பெயர் வைத்த அந்த இடத்தைப் பிறகு வந்தவர்கள் துண்டு துண்டாக வெட்டினார்கள். விக்டோரியா பொதுமண்டபம் வந்தது. 1900இல் மூர் மார்க்கெட் திறந்தது. 1913இல் மாநகராட்சிக்கு ரிப்பன் மாளிகை எழுந்தது. விளையாட்டரங்கமும் வந்தது. ஒவ்வொன்றும் பொதுநன்மைக்குத்தான். மக்கள் போனார்கள், பார்க்கும் போனது.

அந்தப் பூங்காவில் வருடக் கடைசியில் நடக்கும் பார்க் ஃபேர் பெரிய திருவிழா. 1886 டிசம்பர் 31 அன்று அங்கே பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பட்டணம் பார்க்க வந்து திரும்பாதவர்கள் அவர்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதிலும் அவர்கள் செத்த இடம் இல்லை.

1942இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பீதியில் நகரமே காலியானது. மதில் இடிந்தால் தப்பிவிடும் என்று பயந்து உயிர் காலேஜின் சிங்கம், புலி, சிறுத்தைகளைப் போலீசாரை வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். உயிர் காலேஜ் சில நாட்கள் செத்த காலேஜானது. போர் முடிந்தபின் மறுபடி விலங்குகள் வந்தன, மறுபடி ஜனங்கள் வந்தார்கள்.

ஆயா பார்த்த பட்டணம் இதற்குப் பிந்தியது. சென்ட்ரலைச் சுற்றியே அவருக்குப் பட்டணம். உயிர் காலேஜில் சிங்கம், மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய தகரப் பெட்டி, அங்கிருந்து மவுண்ட் ரோட்டுக்கு நடை. 1959இல் திறந்த எல்.ஐ.சி. கட்டிடத்தின் 14 மாடிகளையும் எண்ணினாராம். நாட்டுப்புறத்தான் அண்ணாந்து மாடி எண்ணுவதைப் பார்த்த ஒருவன், மாடிக்கு ஒரு ரூபாய் அபராதம் என்று மிரட்டிப் பிடுங்கிக்கொண்ட வேடிக்கைக் கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கதையைச் சொன்னால் ஆயா சிரிக்க மாட்டார். "எண்ணினா அவனுக்கு இன்னா கொறஞ்சு போச்சு?" என்பார். நான் அதை நல்ல கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன். பார்ப்பதற்கே வரி போடுவது அந்தக் கதை. நம் சினிமாவில் சென்ட்ரலில் இறங்கும் கதாநாயகனை முதலில் எல்.ஐ.சி.யைக் காட்டி மிரள வைத்ததும் அதே கதையின் தொடர்ச்சிதான்.

1985ஆம் வருடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகத்துக்காக அங்கே அலைந்த எழுத்தாளர்கள் அதற்குப் பல இரங்கல் கட்டுரைகள் எழுதிவிட்டார்கள். குருவியும் தகரப் பெட்டியும் விற்றவர்களுக்கு அப்படி எழுத ஆளில்லை. ஜூலையில் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போனது. விலங்குகளுக்கு அது நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால் ரயிலை விட்டு இறங்கி நடந்துபோய்ப் பார்க்கும் இடமாக இருந்தது, பஸ் பிடித்துப் போகும் இடமாகிவிட்டது. வருடக் கடைசியில் மெரினா. கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்று எம்.ஜி.ஆர். அரசு கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தது. குப்பத்து மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. படகோட்டியாக நடித்தவரின் ஆட்சியில், பார்க்க வருகிறவர்களின் கண்ணை உறுத்துகிறது என்று படகுகள் அப்புறப்படுத்தப்பட்டன. எளிய ஜனங்கள் காசு அதிகம் இல்லாமல் சுற்றிப் பார்த்த நகரம் அந்த ஒரே வருடத்தில் பெரிதும் மாறிவிட்டது.

5

மெரினாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப், சிசிலியில் கண்ட கடற்கரையின் நினைவில் அந்தப் பெயரை வைத்தார். மாலை நேரத்தில் காற்று வாங்கப் போடப்பட்ட உலாச்சாலை. மீனவர்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தார்கள்.

காற்று வாங்கப் போட்ட இடத்தைப் பேசும் இடமாக மாற்றியவர்கள் நம் ஆட்கள். 1907இல் பிபின் சந்திர பாலின் கூட்டங்கள் அங்கே நடந்தன. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கொண்டாடினார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம். 1959இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை வந்தது. பாறையை நெம்பும் அந்த நான்கு பேரின் கீழே நின்று படம் பிடித்துக்கொள்ளாமல் யாரும் பட்டணம் பார்த்து முடிப்பதில்லை. 1969க்குப் பிறகு சமாதிகள் வந்தன. எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்துக் கைக்கடிகாரத்தின் டிக் டிக் கேட்கிறதா என்று பார்ப்பவர்களைப் பகுத்தறிவு பேசும் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. பார்க்கும் பொருள் பதில் சொல்லும் என்று எதிர்பார்ப்பவர்கள் அவர்கள். கேலியாகப் போய்விடுவதை விட, அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கலாம்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் நாட்கணக்கில் மணலில் இருந்தார்கள். அக்கோரிக்கையின் சாதி அரசியல் பற்றி எனக்கு விமர்சனம் உண்டு. அது வேறு விவாதம். வேடிக்கை பார்க்க வருகிற அதே இடத்தில், அதே கூட்டம், பார்க்காமல் உட்கார்ந்து பேசத் தொடங்கியது என்பது மட்டும் இங்கே நமக்கு வேண்டியது. கடைசி நாளில் தடியடி நடந்தது. இளைஞர்களுக்கு ஆதரவாக நின்ற நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. 2018 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு மெரினாவில் போராட்டம் நடத்த அனுமதி இல்லை என்று தீர்ப்பளித்தது. காணும் பொங்கலுக்கு லட்சக்கணக்கில் வரலாம். சுண்டல் தின்னலாம், சிலையைப் பார்க்கலாம், மறுநாள் எத்தனை டன் குப்பை அள்ளினார்கள் என்ற செய்தியாகலாம். மே தினம் பிறந்த மணலில் ஒரு கோரிக்கையோடு நிற்கக் கூடாது. உழைப்பாளர் சிலை இருக்கலாம், உழைப்பாளர்கள் கூடக் கூடாது.

2023 ஏப்ரலில் லூப் சாலையில் மீன் விற்கும் நொச்சிக்குப்பத்துப் பெண்களின் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றப்பட்டன. அவர்கள் சாலையில் மீனைக் கொட்டி, படகைக் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். 1985க்கும் 2023க்கும் நடுவில் ஆட்சிகள் மாறின. காட்சிக்கு இடைஞ்சல் யார் என்ற முடிவு மாறவில்லை.

6

1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நிறுத்தப்பட்ட சிலைகளில் கண்ணகியும் ஒருத்தி. 2001 டிசம்பரில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பெயர்த்தெடுத்தார்கள். 2006இல் மறுபடி நிறுத்தினார்கள். சிலைக்காக எழுந்த சண்டையில் தமிழறிஞர்கள் ஒருவர் விடாமல் கலந்துகொண்டார்கள்.

அந்தச் சண்டைக்குச் சற்று முன்பிருந்தே நகரத்தின் ஆற்றோரங்களிலும் நடைபாதைகளிலும் இருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றி ஒக்கியம் துரைப்பாக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே அரசு வைத்த பெயர் கண்ணகி நகர். ஆயா பட்டணம் பார்க்க லாரியில் வந்தார். இவர்கள் பட்டணத்தை விட்டு லாரியில் போனார்கள். கண்ணகி நகரிலிருந்து காணும் பொங்கலுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மெரினாவுக்கு வரும் ஒரு தாய், தான் பிறந்த ஊருக்கே சுற்றுலாவாக வருகிறாள். ஊர்சூழ் வரியை இதைவிடத் தெளிவாக யாரும் உரை எழுதிக் காட்டிவிட முடியாது.

2020இல் அந்தக் குடியிருப்பின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. கலை வட்டாரம் என்று பெயர் சூட்டி, வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன. அங்கே வாழ்கிறவர்களில் சிலருக்கு அதில் பெருமையும் உண்டு. அதை நான் கேட்டிருக்கிறேன், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நகரம் பார்க்கக் கூடாது என்று வெளியே தள்ளிய ஜனங்களின் வீடு நகரம் வந்து பார்க்கும் காட்சியாகியிருக்கிறது. தர்ஸ்டனின் இரண்டு கதவுகள் இன்னும் திறந்தே இருக்கின்றன.

இப்போது பாரம்பரிய நடை என்று ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரு கூட்டம் நகரத்தைப் பார்க்கிறது. தூண், வளைவு, செங்கல், கட்டிய பொறியாளரின் பெயர் எல்லாம் சொல்கிறார்கள். கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது. அந்த நடையில் போகும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எழும்பூருக்குப் போகும்போது தலையை அளந்த கதையையும் சொல்லுங்கள். சென்ட்ரலுக்குப் போகும்போது 1886ஐச் சொல்லுங்கள். மெரினாவில் சிலையைக் காட்டிவிட்டு, குப்பத்தில் செத்துப்போனவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் என்ற பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதும் அரசியல்தான்.

அருங்காட்சியகத்துக்கு நான் கடைசியில் போனேன். திமிங்கில எலும்பின் கீழே ஒரு குடும்பம் நின்றிருந்தது. அப்பா பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "எல்லாம் செத்துப்போனது, பயப்படாதே." ஊருக்குப் போய் ஆயாவிடம் சொன்னேன், செத்த காலேஜு பார்த்துட்டேன் என்று. என்னென்ன இருந்தது என்று விசாரித்துவிட்டுக் கேட்டார்: "நம்ப ஆளுங்கள எங்கனா வெச்சிருக்கானா உள்ள?" இருக்கிறது ஆயா, அளந்து எழுதி வைத்திருக்கிறான் என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.